கடைசி வரிசையில் ஒரு கட்டம்

ஹெய்டி சவப்பெட்டியின் மேல் போர்வையை விரித்து ஓரங்களை இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தாள். பின்னாலிருந்து லவோன் அத்தை, "இங்க ஒண்ணு திரும்பிக்கிட்டு நிக்குதே" என்றாள்.

போர்வை முழுக்க முக்கோணத் துணித்துண்டுகள். ஒவ்வொரு முக்கோணமும் ஒரு வாத்து. சாம்பல், துரு, காய்ந்த சோளத்தோகை நிறங்களில் எல்லாம் ஒரே திசையில், பெட்டியின் தலைமாட்டிலிருந்து கால்மாட்டுக்குப் பறந்துகொண்டிருந்தன. கடைசி வரிசையில் ஒரு கட்டம் மட்டும் தலைகீழ். அதிலிருந்த மூன்று வாத்துகளும் வந்த வழியே திரும்பிக்கொண்டிருந்தன.

ஹெய்டியின் கை அப்படியே நின்றது.

"விடு கண்ணு" என்றாள் அத்தை. இந்தத் தேவாலயத்தின் தையல் குழு அவள் சொல்படிதான் நடக்கும். "கடவுள் ஒருத்தர்தான் குறையே இல்லாதவர்னு நம்ம ஆளுங்க வேணும்னே ஒரு கட்டத்தை மாத்தி வைப்பாங்க. கோல்பியும் அப்படி வெச்சிருப்பான்."

"கோல்பியா? தன் வேலையில குறை இருக்குன்னு ஒத்துக்குவானா?"

அத்தை கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே, "சரி, கொஞ்சம் அதிகமாத்தான் சொல்லிட்டேன்" என்றாள்.

பெட்டிக்குள் இருந்த கோல்பி, ஹெய்டியின் தம்பி. சிறு வயதிலேயே தசைகள் வலுவிழக்கத் தொடங்கி, சக்கர நாற்காலியில் வளர்ந்தவன். ஊசியையோ கத்தரிக்கோலையோ அவன் பிடித்ததே இல்லை. கணினியில் போர்வைகளை வரைவான், ஹெய்டி தைப்பாள். பிறகு சுற்றுவட்டாரத்துப் பெண்களும் அவன் வரைந்ததை வாங்கிப்போய்த் தைத்தார்கள். கண்காட்சிகளில் தன் போர்வைக்கு நேர் எதிரே நாற்காலியை நிறுத்தச் சொல்லி, யாராவது பாராட்டும்வரை அசையாமல் இருப்பான். அத்தை மட்டும் அவற்றைக் 'கரண்டுப் போர்வை' என்பாள். கட்டம் போட்ட தாளில் பென்சிலால் வரையாததெல்லாம் அவளுக்கு விளையாட்டு.

மென்பொருளைத் தேர்ந்தெடுக்கவே அவனுக்கு ஒரு குளிர்காலம் ஆயிற்று. இலவசமாகப் பார்க்கக் கிடைத்த மூன்றையும் இறக்கி, மூன்றிலும் ஒரே நட்சத்திரத்தை வரைந்து, ஒரே தப்பை வேண்டுமென்றே செய்தான். "ஒண்ணு தப்பை முழுங்கிடுது. ஒண்ணு திட்டிட்டு மூடிக்குது. இதுதான் ஒவ்வொரு படியா பின்னால போக விடுது. இதை வாங்கு" என்றான்.

ஹெய்டிக்குக் கற்றுக்கொடுக்க மட்டும் மறுத்துவிட்டான். "நான் சொல்லிக்கொடுத்தா வீட்டுல கொலை விழும். மாலை வகுப்புக்குப் போ." விதைக்கடை வேலை முடிந்ததும் அவள் பக்கத்து ஊர்க் கல்லூரிக்குப் போய்வந்தாள். சொன்னதையெல்லாம் படிப்படியாக எழுதிக்கொண்டாள். ஆனாலும் ஒவ்வொரு பொத்தானுக்கும் முன்னால் தயங்கினாள். வீட்டில் அவள் பழகுவதைப் பார்த்துக்கொண்டிருப்பான் கோல்பி. "உன் வேகத்துக்கு இந்த வாத்தெல்லாம் முட்டை போட்டு, குஞ்சு பொரிச்சிடும்."

அவனுடைய கடைசி நாள் பிற்பகல் இந்தப் போர்வையில் கடைசி வரிசை மட்டும் பாக்கியிருந்தது. மற்ற வரிசைகளை அவள் முன்பே தைத்துவிட்டிருந்தாள். கோல்பியின் விரல் கணினியின் சுட்டிப்பந்தின் மேல் கிடந்தது. பந்து நகரவில்லை.

"நீ வை" என்றான்.

ஒவ்வொரு கட்டத்தையும் வைத்துவிட்டு அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் எதையும் மாற்றச் சொல்லவில்லை. முடிந்ததும் வெகுநேரம் திரையையே பார்த்தான். சுவாசக் கருவியின் முகமூடியில் மூச்சு படிந்து படிந்து கலைந்தது.

"சரி. அச்சடி."

விடிவதற்குள் போய்விட்டான்.

இப்போது பெட்டியருகே நின்ற ஹெய்டிக்கு அந்தக் கட்டத்தை விட்டு வேறெதையும் பார்க்க முடியவில்லை. தான் கணினியில் வைத்த அதே வரிசை. தான்தான் தலைகீழாக வைத்திருக்க வேண்டும். அவ்வளவு நேரம் பார்த்தும் அவனுக்கு அது தெரியவில்லை. நூலளவு விலகினாலும் அறையின் அந்தக் கோடியிலிருந்தே சொல்லிவிடும் அவன் கண், அவனுக்கு முன்பே போய்விட்டதா? அந்தச் 'சரி' வெறும் களைப்பில் சொன்னதா?

அவள் போர்வையைச் சுருட்டி எடுத்தாள்.

"எங்க கொண்டு போற? ஜனங்க வர ஆரம்பிச்சாச்சு."

"கீழ."

கீழ்த்தளக் கூடத்தில் பெண்கள் பன்னுக்குள் பன்றி இறைச்சித் துண்டுகளை வைத்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். காபிப் பாத்திரத்தின் பக்கத்தில் கோல்பியின் மடிக்கணினி. சாப்பாட்டு நேரத்தில் ஓட்டுவதற்காக அவனுடைய புகைப்படங்களை அதில் போட்டிருந்தார்கள். ஹெய்டி அவற்றை மூடிவிட்டு மென்பொருளைத் திறந்தாள். இன்று கேட்பதற்கு யாரும் இல்லை. கோப்பு. கடைசி வடிவம். பெரிதாக்கு. கடைசி வரிசை வரை கீழே போ.

அந்தக் கட்டத்தில் மூன்று வாத்துகளும் மற்றவற்றோடு சேர்ந்து ஒழுங்காகப் பறந்தன.

அவள் மேசையில் கிடந்த துணியைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். மறுபடியும் துணியைப் பார்த்தாள்.

"படத்துல சரியா இருக்கு, அத்தை."

"அப்போ இது?"

"நான் மாத்தித் தைச்சிருக்கேன். அவன் போனதுக்கப்புறம் தூக்கம் இல்லாம தைச்சது. தப்பு என்னோடதுதான்."

பரிசு விழுந்ததைச் சொல்வதுபோல அவள் சொன்னதைக் கேட்டு, இறைச்சி அடுக்கிக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"தப்பு பண்ணிட்டு இவ்வளவு சந்தோஷப்படுறவளை நான் பார்த்ததே இல்ல" என்றாள் அத்தை.

"அவன் கடைசி வரைக்கும் ஒழுங்காப் பார்த்திருக்கான். நானும் ஒழுங்காத்தான் வெச்சிருக்கேன்." ஹெய்டி தையல் குழுவின் ஊசிப்பெட்டிக்குள் கைவிட்டுத் தையல் பிரிக்கும் கொக்கியைத் தேடினாள்.

"இப்பவா? வேணாம்டி. ஒரு கட்டம் திரும்பிப் போறது மனசைத் தொடுற மாதிரி இருக்கு. பார்க்கிறவங்க அழுவாங்க."

"அவன் வேலையைப் பார்த்து யாரும் அழ வேணாம். வாயைப் பொளந்தா போதும்."

அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டாள். "அந்தப் பக்கம் நீ பிரி. இந்தப் பக்கம் நான் பிரிக்கிறேன். நூலை இழுக்காத, துணி கிழிஞ்சிடும்."

ஓரப்பட்டை உட்பட நான்கு பக்கமும் பிரிந்து கட்டம் தனியாகக் கையில் வந்தது. கூடத்தின் மூலையில், ஏழை நாடுகளுக்கு அனுப்பும் போர்வைகளைத் தைக்கும் இயந்திரம் ஒன்றின் உறையை அத்தை விலக்கினாள். ஹெய்டி கட்டத்தைத் திருப்பி வைத்து, திரையோடு ஒருமுறை ஒப்பிட்டுவிட்டுக் குண்டூசி குத்தினாள்.

படியில் அப்பாவின் காலடி கேட்டது. கோட்டு போட்டுப் பழகாதவர். கைகள் தொங்கும் இடம் தெரியாமல் தொங்கின.

"போதகர் ஆரம்பிக்கலாமான்னு கேக்குறார்."

"கொஞ்சம் நிக்கச் சொல்லுங்கப்பா."

அவர் மேசையைப் பார்த்தார். போர்வையின் கடைசி வரிசையில் திறந்திருந்த சதுர ஓட்டையைப் பார்த்தார்.

"சொல்றேன். அவனும் வேலை முடியாம மேசையை விட்டு நகர்ந்தது கிடையாது" என்றார். "சாப்பாடு ஆறிப்போனாலும் வர மாட்டான்." மேலே ஏறிப்போனார்.

கடைசித் தையல் முடிந்ததும் அத்தை துணியைப் பிடுங்காத குறையாக வாங்கி, நான்கு மூலைகளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். விரலால் தடவினாள். குழுவில் சேர வருகிற பெண்களை அவள் இப்படித்தான் சோதிப்பாள்.

"முனை சேர்ந்திருக்கு" என்றாள்.

ஹெய்டி நூலை அறுத்தாள்.

"அடக்கம் முடிஞ்சதும் கண்காட்சிக்கு இதை அனுப்பணும். பஞ்சும் அடித்துணியும் வெச்சு நாங்க தைச்சுத் தர்றோம். பேரு என்னன்னு போடறது? தைச்சவ பேரு மட்டும்தான் போடுறது வழக்கம்."

"எங்க ரெண்டு பேரோட பேரையும் போடணும். அவன் பேரு முதல்ல."

அத்தை இஸ்திரிப் பெட்டியைச் செருகிச் சூடு பார்த்தாள். "ரெண்டையும் அந்தக் கட்டத்துக்குப் பக்கத்துலயே போடச் சொல்றேன். இல்லேன்னா அவன் எழுந்து வந்து என்னைத் திட்டுவான்." அந்தக் கட்டத்தின் தையல்மடிப்புகள் படியும்வரை அவளே அழுத்தித் தேய்த்தாள்.

இருவருமாகப் போர்வையை மடிக்காமல் தூக்கிக்கொண்டு மேலே போனார்கள். இருக்கைகள் நிறைந்திருந்தன. பக்கத்து ஊர்களிலிருந்து வந்திருந்த பெண்கள் தலையைச் சாய்த்துச் சாய்த்து வரிசைகளைக் கண்ணால் தொடர்ந்தார்கள். ஒருத்தி பக்கத்தில் இருந்தவளின் முழங்கையைத் தட்டி எதையோ சுட்டிக்காட்டினாள். ஹெய்டி கால்மாட்டில் கடைசி வரிசையை நேராக இழுத்துவிட்டு, அப்பாவின் பக்கத்தில் போய் நின்றாள்.

பாட்டு தொடங்கியது. அப்பாவுக்குப் பாட வராது. அவர் கையை நீட்டிப் பெட்டியின் மேல் வைத்தார். வைத்த கை சட்டென்று நின்றது. கொஞ்சம் தள்ளி வேறொரு கட்டத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு பழைய இடத்துக்கே வந்தார். அங்கே மட்டும் துணியில் இஸ்திரிச் சூடு இன்னும் ஆறவில்லை.

பாட்டு முடிகிறவரை அவர் கையை எடுக்கவில்லை.