அண்டியாபீஸில் அழுக்கான துணிகள்

கருங்கலுக்குத் தெற்கே தெற்றிவிளையில், மூடிக்கிடந்த அண்டியாபீஸின் குடோனில் மூட்டை மூட்டையாகக் கட்டி வைத்திருந்த பிள்ளைகளின் துணிகள், யாரும் உடுத்தாமலேயே அழுக்காகத் தொடங்கியது ஆவணி மாதத்தில். அந்த வாரம் மழை இல்லை. சாளை மீன் மலிவாகக் கிடைத்தது. ஊரில் வேறு விசேஷம் ஒன்றும் நடக்கவில்லை.

முந்திரிப் பருப்பு எடுக்கிற ஆலையை அந்தப் பக்கத்தில் அண்டியாபீஸ் என்றுதான் சொல்வார்கள். வெளிநாட்டிலிருந்து தோட்டண்டி, அதாவது ஓட்டோடு உள்ள முந்திரிக்கொட்டை, வருவது நின்றுபோனதால் முதலாளி ஆலையைப் பூட்டியிருந்தார். போர் நடக்கிற நாட்டுப் பிள்ளைகளுக்காகத் துணி சேர்த்துக்கொண்டிருந்த வினோஜ் என்ற பையன், அவரிடம் கேட்டுக் குடோனை இரவலாக வாங்கினான். நாகர்கோவிலில் ஒரு சிறிய அறக்கட்டளையில் அவனுக்கு வேலை. குண்டு விழுந்து வீடு போய், கூடாரத்தில் கிடக்கிற பிள்ளைகளின் படங்களைப் போனில் காட்டிக் காட்டி, குளச்சலிலிருந்து திருவட்டாறு வரை வீடு வீடாகச் சேர்த்த துணி அது. வேலையில்லாமல் இருந்த பெண்கள் சம்பளம் வாங்காமல் வந்து, பருப்பைத் தரம் பிரிப்பதுபோலவே துணியையும் முழுசு, பாதி, பொடி என்று பிரித்துக் கட்டினார்கள். ஆனால் மூட்டைகள் கப்பல் ஏறவில்லை. அந்த நாட்டுக்குள் போகிற வழியை அடைத்துவிட்டார்களாம். இன்று திறக்கும், நாளை திறக்கும் என்று வினோஜ் சொல்லிக்கொண்டே இருந்தான். சொல்லச் சொல்ல, அவன் மேல் ஊருக்கு இருந்த நம்பிக்கை குறைந்துகொண்டே வந்தது.

ஒரு மூட்டையிலிருந்து புகை வாடை வருகிறது என்று காவல்காரர் சிலுவைதான் முதலில் சொன்னார். பிரித்துப் பார்த்தால் தீ இல்லை. துவைத்துத் தேய்த்துக் கட்டிய சட்டைகளின் கழுத்தில் வேர்வைக் கறை. காற்சட்டைகளின் முட்டியில் சிமெண்டுப் பொடி போல ஒரு சாம்பல் நிற மண். சட்டைக் கைகளின் ஓரத்தில் மூக்கைத் துடைத்த தடம். பிரிக்கும் வரை கயிறு கட்டியபடியே இருந்தது. பருப்பைத் தரம் பிரிக்கிற கிரேடிங்கில் இருந்த சபிதா ஒரு சட்டையை மூக்கருகே கொண்டுபோய், இது எலியும் இல்லை கறையானும் இல்லை, பிள்ளைகள் உடுத்திய அழுக்கு என்றாள். உடனே எல்லோருக்கும் சிலுவை மேல் சந்தேகம் வந்தது. வெளியூர்க்காரர்களின் பிள்ளைகளுக்கு அவர் துணியை வாடகைக்கு விடுகிறார் என்று பேச்சானது. நல்ல துணியை விற்றுவிட்டுப் பழையதை வைத்துக் கட்டியது வினோஜ்தான் என்றார்கள் வேறு சிலர்.

அந்த ஆலையில் வேலை செய்த பெண்களை அத்தனை வருடமும் சாயங்காலம் கேட்டில் நிறுத்திச் சோதித்துத்தான் வெளியே விட்டார்கள். மடியில் ஒரு பருப்பு இருந்தாலும் வேலை போகும். அந்தச் சோதனையை அவர்கள் இப்போது சிலுவைக்கு வைத்தார்கள்.

"கையத் தூக்கும் ஓய்," என்றாள் நேசபாய். பருப்பின் தோலை உரிக்கிற பீலிங் பகுதிக்கு அவள்தான் மூத்தவள். "நாங்க எத்தற வருசம் தூக்குனோம்? இனி நீரு தூக்கும்."

"ஏட்டி, நான் என்ன கவுன உடுத்துகிட்டா வீட்டுக்குப் போறேன்?"

"யாரு கண்டா? உம்ம இடுப்புக்கு ரெண்டு கவுனு வேணும்."

சிலுவையின் தூக்குவாளியில் மீன் புளிமுளக் குழம்பு மட்டும் இருந்தது. அதையும் நேசபாய் கரண்டியால் கிளறிப் பார்த்தாள். மறுநாளும் துணிகள் அழுக்காயின. பெண்கள் திட்டிக்கொண்டே துவைத்தார்கள்.

அப்படித் துவைக்கும்போதுதான் சபிதாவின் கையில் அந்த மஞ்சள் கவுன் வந்தது. முதுகுப் பொத்தானுக்குக் கீழே கிழிசலைப் பச்சை நூலால் தைத்திருந்தவள் அவளேதான். அவள் மகள் ஆதிரா அதை உடுத்திக்கொண்டு வேலியில் மாட்டிக் கிழித்தாள். ஆறு வயதில் காய்ச்சலில் போனாள். அந்தக் கவுனை இரும்புப் பெட்டியில் மடித்து வைத்து, இரண்டு வருடமாகத் தண்ணீர்கூடக் காட்டாமல் சபிதா காப்பாற்றிவந்தாள். இப்போது அதில் யாரோ ஒருத்தியின் வேர்வை இருந்தது. ஈரக் கையோடு வீட்டுக்குப் போனவள், கணவனின் தங்கை பிரிஜாவை அடுக்களையில் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணன்தான் போன்ல சொல்லிச்சு மைனி," என்றாள் பிரிஜா. "அவ பெட்டியத் தொறந்து தொறந்து பாத்துகிட்டுக் கெடக்கா, யாருக்காவது எடுத்துக் குடுத்திருன்னு."

"குவைத்துல இருந்துகிட்டு உனக்க அண்ணன் எனக்க பெட்டியத் தொறக்கியாரா?"

"பிள்ளைகளுக்குத்தானே மைனி குடுத்தேன்."

"எந்தப் பிள்ளைக்கு? பேரு சொல்லு. யாருக்க மேலுல கெடக்கு அது?"

அன்றிலிருந்து சபிதாவுக்கு வேண்டியது ஒன்றுதான். கவுன் வீட்டுக்கு வர வேண்டும். ஆனால் பெண்கள் கூடி முடிவெடுத்திருந்தார்கள், உள்ளே வந்த துணி கேட்டைத் தாண்டி வெளியே போகக்கூடாது என்று. அந்த முடிவுக்குச் சபிதாவும் கை தூக்கியிருந்தாள். "நீ ஒண்ண எடுத்தா, நாளைக்கு ஊருல உள்ளவளுவ எல்லாம் எனக்க பிள்ளைக்க துணின்னு வந்து நிப்பாளுவ மக்கா," என்றாள் நேசபாய். கவுனைக் கேட்டு வாங்குவதற்காக இவளே எல்லாவற்றையும் அழுக்காக்குகிறாளோ என்று பின்னால் நின்ற ஒருத்தி சொன்னதும் சபிதாவின் காதில் விழுந்தது.

அவளும் தன் பங்குக்குச் சந்தேகப்பட்டாள். பள்ளிக்கூட வாசலில் நின்று ஆறு வயதுப் பெண்பிள்ளைகளின் கழுத்தையும் முட்டியையும் பார்த்தாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளையை மோந்து பார்த்து, அதன் தாயிடம் ஏச்சு வாங்கினாள். செங்கல் சூளையில் வேலை செய்கிற வடக்கத்திக்காரர்களின் குடிசைகளுக்கும் போனாள். அங்கே ஒருத்தியும் மஞ்சள் கவுனில் இல்லை. பாதிப் பிள்ளைகளுக்கு மேலுக்கு உடுப்பே இல்லை. கடைசியில் ஒருநாள் விடிந்ததும் கவுனைத் துவைத்து உலர்த்தி, மூட்டையில் வைத்துத் தன் கையால் முடிச்சுப் போட்டு, அந்த மூட்டையின் மேலேயே ஏறி உட்கார்ந்தாள். சோறும் அங்கேயே தின்றாள். வெயில் தாழ்ந்ததும் எல்லோருக்கும் முன்னால் வைத்து முடிச்சை அவிழ்த்தாள். கவுனின் முன்பக்கத்தில் பருப்புக் குழம்பு சிந்தியிருந்தது. அடியில் ஈரச் சேறு. அந்தச் சேற்றின் நிறம் தெற்றிவிளையில் எங்கேயும் இல்லாத நிறம்.

அதன்பிறகு ஆளைச் சந்தேகப்படுவதை விட்டுவிட்டு, பெண்கள் துணியைச் சந்தேகப்பட ஆரம்பித்தார்கள். ஒவ்வொன்றாக உதறி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். அப்படித்தான் அந்த நீலச் சட்டை கண்ணில் பட்டது. ஒருநாள் அதன் ஒரு பக்கம் கருகியிருந்தது. துவைத்துக் காயப்போட்டார்கள். பிறகு அது அழுக்காகவே இல்லை. வாரக்கணக்கில் சோப்பு வாடையோடு மடித்தபடியே கிடந்தது. ஒரு கைக்குழந்தையின் தொப்பியும் அப்படி ஆனது. ஒரே வீட்டிலிருந்து வந்த மூன்று காற்சட்டைகள் ஒரே நாளில் அழுக்காவதை நிறுத்தின. காரணம் என்ன என்று யாரும் யாரிடமும் கேட்கவில்லை. சுத்தமாக இருக்கிற துணிகளை நேசபாய் தனியாக ஒரு சாக்கில் போட்டு, அதன் வாயைக் கட்டாமல் விட்டாள்.

சபிதா இப்போது விடிந்ததும் ஓடிவந்து கவுனில் அழுக்கைத் தேடினாள். கறை இருந்தால் அன்றைக்கு வீட்டில் சமையல் ருசியாக இருக்கும் என்று பிரிஜா சொல்வாள். கறை மாறி மாறி வந்தது. சில வாரம் வெறும் மண். சில வாரம் குழம்போ பாலோ. குழம்புக் கறை வராத வாரங்களில் சபிதாவும் அரைவயிறோடே சோற்றை விட்டு எழுந்தாள்.

அடுத்த வருடம் பங்குனியில் கவுன் அழுக்காவதை நிறுத்தியது. முதல் நாள் அவள் அதை மடித்து வைத்தாள். நாட்கள் போய்க்கொண்டே இருந்தன. அது சுத்தமாகவே இருந்தது. நேசபாய் அருகில் வந்து உட்கார்ந்தாள். அந்தச் சாக்கைக் கொண்டுவரவில்லை.

"மக்கா, இனி நீ அத வீட்டுக்குக் கொண்டு போ. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டினும். சிலுவை உன்னச் சோதிக்கவும் மாட்டாரு."

சபிதா கவுனை மார்போடு சேர்த்து எடுத்துக்கொண்டு கேட்டு வரைக்கும் போனாள். சிலுவை திரும்பி நின்றுகொண்டார். அங்கே வெளிச்சத்தில் அவள் வழக்கம்போல அதை உதறிப் பிடித்தாள். அக்குள் தையல் இரண்டு பக்கமும் விட்டுப்போயிருந்தது. துவைத்துக் கிழிந்தது அல்ல. உள்ளேயிருந்து தள்ளிப் பிரிந்த தையல். கழுத்துப் பொத்தானின் துளை இழுபட்டு நீண்டிருந்தது. பிறகு கேட்டைத் தாண்டாமல் திரும்பி வந்தாள்.

"செத்ததுனால இல்லக்கா," என்றாள். "சின்னதாப் போச்சு. அவ வளந்துட்டா."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. தச்சுப் பாத்தாத்தான் தெரியும்."

கருங்கல் சந்தையில் பச்சைத் துணி எடுத்தாள். ஆறு வயதுக்கு மேல் எந்தப் பெண்பிள்ளைக்கும் அவள் அளவு எடுத்ததில்லை. பிரிந்த தையலின் இழுவையைப் பார்த்துத் தோளையும் கையையும் கூட்டி, ஏழரை வயதுக்கு வெட்டினாள். பிரிஜா பொத்தான் தைத்தாள். மூட்டையில் வைத்தார்கள். மறுநாள் காலையில் அது மடித்தபடியே சுத்தமாக இருந்தது. அதற்கு மறுநாள் பச்சைக் கவுனின் கையில் மூக்கைத் துடைத்திருந்தது. நேசபாய் அதைத் தூக்கிப் பிடித்து, மூக்கத் துடைக்க ஒரு துணி குடுக்கப் பிடாதா இவளுக்க அம்மைக்கு, என்று உரக்கத் திட்டினாள். திட்டிக்கொண்டே அழுதாள்.

அந்தக் கோடையில் தோட்டண்டி வந்து ஆலை திறந்தது. குடோனில் ஒரு ஓரம் துணிக்கு என்று விடப்பட்டது. பெண்கள் அந்தப் பிள்ளைகளின் சட்டைப் பைகளில் ஆளுக்கொரு பிடி பருப்பு போட்டு வைத்தார்கள். காலையில் பைகள் காலியாக இருந்தன. எடை குறைகிறது என்று மானேஜர் மகேஷ்குமார் கேட்டில் வைக்கிற சோதனையை இரட்டிப்பாக்கினார். யார் மடியிலும் ஒரு பொடிகூட அகப்படவில்லை. சிலுவைக்கு எல்லாம் தெரியும். அவர் பார்க்க வேண்டிய கேட்டு வழியாக எதுவும் போகவில்லை என்பதால் அவர் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

வழி திறந்துவிட்டது என்று வினோஜ் ஒருநாள் லாரியோடு வந்தான். பெண்கள் சந்தேகமாக லாரியைச் சுற்றிவந்து பார்த்தார்கள். "உடுத்துகிட்டு இருக்கதுகளுக்க மேலுல கெடக்க துணிய உருவி எங்க தம்பி கொண்டு போறிய?" என்று நேசபாய் கேட்டாள். அரிசியும் மருந்தும் சேர்க்கச் சொல்லி, அதை ஏற்றிக்கொண்டு போகட்டும் என்று அனுப்பினார்கள். அப்படியே போனான்.

துணிகள் இப்போதும் சனிக்கிழமைதோறும் துவைத்துக் காயப்போடப்படுகின்றன. அழுக்குப் போக வெந்நீர் வேண்டும். தோட்டண்டி அவிக்கிற பாய்லரிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள். சபிதா இந்த வருடம் ஒன்பது வயதுக்கு அளவு வெட்டியிருக்கிறாள்.