பதுளைக்குப் போகும் பஸ்

“தலைமாட்டைப் பிடி மகன்,” என்றார் றஸாக் மாமா.

றாஸிக் கபுறுக் குழிக்குள் நின்று வாப்பாவின் மையத்தை வாங்கினான். விடியற்காலைச் சுபஹுத் தொழுகைக்குக் கைகால் கழுவி வுழூ எடுக்கப் போன வாப்பா பக்கீர் முகைதீன் கிணற்றடியில் விழுந்து, கல்முனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே மௌத்தாகிவிட்டார். நடுப்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். வெள்ளைத் துணிக்குள் அவர் நல்ல கனமாக இருந்தார். மணல் சரிந்து றாஸிக்கின் கழுத்துக்குள் போனது. அவன் தட்டவில்லை.

வீட்டில் அவனுடைய பை கதவோரம் இருந்தது. நேற்றுப் பின்னேரம் வாப்பாதான் கட்டிவைத்தார். நாளை விடிந்தால் மலைப்பக்கத்து ஆமி முகாமில் பயிற்சிக்குப் போய் நிற்க வேண்டும்.

“மூணாம் நாள் கத்தம் ஓதியாவது முடியட்டும். லீவு கேளு,” என்றார் மாமா.

“இன்னும் சேரவே இல்லையே மாமா. பிந்தினா எடுக்கமாட்டாங்க.”

“எடுக்காட்டிப் போகட்டும். வாப்பாவ அடக்கின அண்டைக்கே போறதா? ஊர் என்ன கதைக்கும்?”

கணவனை இழந்து இத்தா இருந்த உம்மா உள்ளறையிலிருந்து தன் அண்ணனிடம் சொன்னாள்.

“அவன் போகட்டும் காக்கா.”

“என்ன செல்றாய் சுபைறா?”

“மனிசன் பள்ளியிலயும் கடையிலயும் ஒவ்வொருத்தரா நிப்பாட்டிச் செல்லித் திரிஞ்சாரு, மகன் ஆமிக்குப் போறான், நாளைக்கு பஸ் எண்டு. இவன் போகாட்டி அவர்ர கதை பொய்யாப் போயிரும்.”

மாமா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

றாஸிக் உள்ளே போனான். உம்மா அவன் கழுத்து மணலைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். தங்கச்சி நப்லா சோற்றுப் பார்சலைப் பைக்குள் வைத்தாள். யாரும் அழவில்லை.

அன்று இராத்திரி பதுளை பஸ்ஸில், சொறிக்கல்முனை ஊரிலிருந்து கட்டட வேலைக்குப் போகும் மேசன் ஒருவர் பக்கத்தில் இருந்தார்.

“எங்க தம்பி?”

“ஆமி ட்ரெயினிங்குக்கு.”

“நல்லம். அப்பாக்குச் சந்தோசமா இருக்கும்.”

“ஓம்,” என்றான் றாஸிக்.

மேசன் தூங்கிப்போனார். மலை ஏற ஏறக் குளிர்ந்தது. றாஸிக் ஜன்னலை மூடவில்லை.

முகாமில் பைகளை வரிசையாக வைக்கச் சொன்னார்கள். தேத்தண்ணி கொடுத்தார்கள். பிறகு மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டார்கள். மூச்சு வாங்கியது, நெஞ்சு எரிந்தது, கால்கள் தங்கள் பாட்டில் போயின. பயிற்சியாளர் சிங்களத்தில் நிற்கச் சொல்லிக் கத்தினார். மற்ற எல்லோரும் நின்றார்கள்.

“அந்தப் பொடியனுக்குச் சிங்களம் விளங்கல்ல போல,” என்றான் ஒருவன்.

றாஸிக்குக்கு விளங்கியது; நின்றால் வாப்பாவின் கனம் மறுபடி கைக்கு வந்துவிடும் போலிருந்தது. அவன் மைதானத்தின் மறுகோடியைத் தாண்டி, வேலியோரமாக ஓடிக்கொண்டிருந்தான்.