பைனாப்பிளா, சாக்லேட்டா

கப்பலில் ஏறுவதற்கு முந்தின வாரமே சங்கரி எல்லாவற்றையும் படித்து வைத்திருந்தாள். சாப்பாட்டு ஹாலில் என்னென்ன கூத்து நடக்கும் என்று இன்டர்நெட்டில் ஒரு புண்ணியவான் விலாவாரியாக எழுதியிருந்தான். சர்வர்கள் வரிசையாக ஆடிக்கொண்டு வருவார்கள். நாப்கினைத் தலைக்கு மேல் சுழற்றச் சொல்வார்கள். வித்தைக்காரர் ஒருத்தர் மேசை மேசையாக வந்து குழந்தைகளின் காதிலிருந்து ஸ்பூன் எடுப்பார். பிறந்தநாள், கல்யாண நாள் என்று முன்கூட்டியே சொல்லி வைத்தால் ஓசியில் கேக் வரும், மைக் வரும், கைதட்டல் வரும். இதெல்லாம் பிடிக்காதவர்கள் சும்மா உட்கார்ந்து சிரித்தாலே போதும், யாரும் கட்டாயப்படுத்த மாட்டார்கள் என்று கடைசியில் போட்டிருந்தது. எழுதினவனுக்கு என்ன தெரியும், பாவம். அவனுக்கு சங்கரியின் அப்பாவைத் தெரியாது.

அப்பா கோபாலகிருஷ்ணன் கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் இன்ஜினியர். ஒரு பம்ப் நின்றால் இன்னொரு பம்ப் ஓட வேண்டும், அதுவும் நின்றால் மூன்றாவது ஓட வேண்டும் என்று வேலை பார்த்தே பழகியவர். வீட்டிலும் அப்படித்தான். சிலிண்டருக்கு ஸ்டாண்ட்-பை, இன்வெர்ட்டருக்கு ஸ்டாண்ட்-பை, ஊருக்குப் போனால் வீட்டுச் சாவிக்கு ஸ்டாண்ட்-பை. எதையும் நம்பி விட மாட்டார். பெற்ற பெண்ணின் வாயிலிருந்து வரப்போகும் ஒரு வார்த்தைக்கும் அந்த மனுஷன் ஸ்டாண்ட்-பை வைப்பார் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை.

விஷயம் இதுதான். சங்கரிக்கு இருபத்தொன்பது வயது. நாவலூரில் ஐடி வேலை. டவுன்ஷிப்பில் இரண்டு தெரு தள்ளி இருக்கும் பரணிதரன் மாமாவின் மகன் ரோஹித்தை அவளுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவன் மறைமலைநகரில் கார் பாகங்கள் செய்யும் ஃபேக்டரியில் இருந்தான். "பஜ்ஜி சொஜ்ஜியெல்லாம் வேண்டாம்மா. ரெண்டு குடும்பமும் சும்மா ஒரு ட்ரிப் போலாம். சென்னை ஹார்பர்லேர்ந்து கப்பல் போகுது, மூணு ராத்திரி. அவன்கிட்ட பேசிப் பாரு" என்று அப்பா சொன்னபோது அவளுக்கே அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். கப்பலை விட்டு இறங்குகிற வரைக்கும் சரியா, இல்லையா என்று யாரும் அவளைக் கேட்கக் கூடாது. திங்கட்கிழமை காலையில் ஹார்பரில் கால் வைத்த பிறகு அவளே சொல்வாள்.

"உன் இஷ்டம்தாம்மா. நீ சொல்றதுதான் முடிவு" என்றார் அப்பா. அம்மா சகுந்தலா பக்கத்தில் நின்று தலையாட்டினாள்.

கப்பலில் ஒரு குடும்பத்துக்கு ஒரு மேசை என்று முதல் நாளே எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். கடைசி ராத்திரி வரை அதே மேசை, அதே சர்வர். இவர்கள் இரண்டு குடும்பத்து ஆறு பேருக்கும் சேர்த்து ஜன்னல் ஓரமாக நாற்பத்தொன்றாம் மேசை. சர்வர் பூபாலன். "கல்பாக்கமா மேடம்? நமக்குப் படாளம். பக்கத்துலதான் கீது" என்று முதல் தட்டை வைக்கும்போதே ஒட்டிக்கொண்டான். பாட்டு ஆரம்பித்ததும் தட்டுகளை அப்படியே போட்டுவிட்டு ஆடப் போனான். வேர்க்க விறுவிறுக்க ஆடி முடித்துவிட்டு வந்து சூப் ஊற்றினான்.

"நல்லா ஆடறீங்க" என்றாள் சங்கரி.

"இன்னா பண்றது மேடம். ஆடலன்னா சூப்பர்வைசர் மூஞ்ச காட்டுவாரு. முட்டி பேஜாராயிட்ச்சி."

அவளுக்குச் சங்கடமாக இருந்தது. அப்பாவோ நாப்கினைச் சுழற்றிச் சுழற்றி விசில் அடித்துக்கொண்டிருந்தார். பக்கத்து மேசை ஜோடிக்குக் கல்யாண நாள் கேக் வந்தது. அந்தப் பெண் எழுந்து நின்று எல்லாரையும் பார்த்துக் கும்பிட்டாள், ஹால் முழுக்கக் கைதட்டியது. அப்பா விசிலை நிறுத்திவிட்டு அதையே கண்கொட்டாமல் பார்த்தார். அப்போதே சங்கரிக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் மேல்தளத்தில் ரோஹித் அவளோடு ரொம்ப நேரம் பேசினான். நன்றாகத்தான் பேசினான், வயிற்றெரிச்சலே அதுதான். தன்னைப் பற்றி அளக்கவில்லை. சம்பளம் கேட்கவில்லை. கல்யாணத்துக்கு அப்புறம் வேலைக்குப் போவாயா என்கிற அந்தப் பாழாய்ப்போன கேள்வியைக் கேட்கவில்லை. "உங்களுக்குக் கேக்னா எது பிடிக்கும்? பைனாப்பிளா, சாக்லேட்டா?" என்று கேட்டான். பைனாப்பிள் என்றாள். காலேஜ் நாளில் திரும்பத் திரும்பக் கேட்ட பாட்டு எது என்றான். அவள் சொன்னாள், பாதியைப் பாடியும் காட்டினாள். "திங்கக்கிழமை வரைக்கும் டைம் இருக்கு. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்றான். எழுந்திருக்கும்போது, "நைட் டின்னருக்குப் புடவை கட்டுவீங்களா? உங்களுக்கு நல்லாயிருக்கும்" என்றான்.

ப்ளஸ் ஒன்னில் என்ன குரூப் என்பதிலிருந்து ஸ்கூட்டியின் கலர் வரை அவளுக்கு எல்லாமே அப்பா வைத்த சட்டம். உனக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டுவிட்டு, பதிலைக் காது கொடுத்துக் கேட்டவன் இவன் ஒருத்தன்தான். கேபினுக்குத் திரும்பும்போதே அவள் முடிவு பண்ணிவிட்டாள். திங்கட்கிழமை ஹார்பரில் இறங்கி, பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, சரி என்று சொல்லப் போகிறாள். எப்படிச் சொல்வது, யாரிடம் முதலில் சொல்வது என்று கண்ணாடி முன்னால் நின்று யோசித்தாள். சிரிப்பு வந்தது. அம்மா எடுத்து வந்திருந்த மயில்கழுத்துக் கலர் பட்டைக் கட்டிக்கொண்டாள். அதை அம்மா இஸ்திரி போட்டே கொண்டுவந்திருந்தாள். மூன்று ராத்திரி ஊர் சுற்ற எதற்குப் பட்டு என்று அப்போதும் அவளுக்குத் தோன்றவில்லை.

சாப்பாடு பாதியில் இருக்கும்போது விளக்குகள் மங்கின. பாட்டு ஆரம்பித்தது. அவளுடைய பாட்டு. மத்தியானம் பாதி பாடிக் காட்டினாளே, அதே பாட்டு. சர்வர்கள் வரிசை வரிசையாக ஆடிக்கொண்டு நாற்பத்தொன்றாம் மேசையைச் சுற்றி வந்தார்கள். முன்னால் பூபாலன், கையில் கேக்கோடு. கேக்கின் மேல் ரோஹித், சங்கரி என்று இரண்டு பெயரும், கீழே இரண்டு மோதிரமும் வரைந்திருந்தது. வாசனையிலேயே தெரிந்தது, பைனாப்பிள்.

சங்கரி கையிலிருந்த ஸ்பூனைத் தட்டில் போட்டாள். இதற்காகவா கேட்டான்? உட்கார்ந்து உட்கார்ந்து, கண்ணைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொன்றாகக் கேட்டதெல்லாம் ஆர்டர் கொடுப்பதற்காகவா?

பளபள கோட்டு போட்ட ஒருத்தன் மைக்கோடு குதித்து வந்தான். "இன்னிக்கு நம்ம கப்பல்ல ஒரு நிச்சயதார்த்தம். பொண்ணு ஓகே சொல்லிட்டாங்க. எல்லாரும் நாப்கினை எடுங்க" என்றான். ஹால் முழுக்க வெள்ளைத் துணி சுழன்றது. ரோஹித்தின் அம்மா கைப்பையிலிருந்து சின்ன டப்பாவை எடுத்துத் திறந்தார். மோதிரம். பரணிதரன் மாமா செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "குவார்ட்டர்ஸ் குரூப்ல லைவ் போகுதும்மா, சிரி" என்றார். அப்பா எழுந்து நின்று எல்லாருக்கும் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தார். முந்தின நாள் பக்கத்து மேசைக்காரி போட்ட அதே கும்பிடு.

"யாரு ஓகே சொன்னது?" என்றாள் சங்கரி.

பாட்டுச் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை. "வெக்கம் பாருங்க, வெக்கம்" என்றான் கோட்டுக்காரன். எல்லாரும் சிரித்தார்கள். முகம் தெரியாத ஊரே உட்கார்ந்து அவள் வெட்கத்தைப் பார்த்துச் சிரித்தது. வெட்கமாம். அவளுக்கு உச்சந்தலை வரைக்கும் பற்றிக்கொண்டு எரிந்தது.

கேக்கோடு பக்கத்தில் நின்ற பூபாலனுக்கு மட்டும் கேட்டிருந்தது. அவன் ஆட்டத்தை நிறுத்திவிட்டான். "மேடம், ஒங்களுக்குத் தெரியாதா?" என்று மெதுவாகக் கேட்டான். அவள் இல்லையென்று தலையாட்டினாள். அவன் கேக்கை மேசையில் வைத்துவிட்டுப் பாட்டு போடுகிறவனைப் பார்த்துக் கையைக் காட்டினான். பாட்டு நின்றது. சூப்பர்வைசர் தூரத்திலிருந்து முறைத்தார்.

சங்கரி கோட்டுக்காரன் கையிலிருந்த மைக்கை வாங்கிக்கொண்டாள்.

"என் பேரு சங்கரி. கேக்ல எழுதியிருக்கே, அது நான்தான். எனக்கு நிச்சயம் ஆகல. என்னை யாரும் கேக்கல. நான் யாருக்கும் ஓகே சொல்லல. நாப்கினைக் கீழ வச்சிட்டுச் சாப்பிடுங்க, ஆறிப்போகுது."

ஒரு தட்டுச் சத்தம், கரண்டிச் சத்தம் இல்லை. பரணிதரன் மாமா செல்போனை அணைக்க மறந்து அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.

"மானத்தை வாங்கிட்டியேடி" என்றார் அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு.

"யார் மானத்தை யாருப்பா வாங்கினது?"

"அங்கிள்தான் நேத்து நைட்டே சொல்லி வச்சிட்டாரு. சர்ப்ரைஸா இருக்கட்டும்னாரு. நான் என்ன பண்ண முடியும்?" என்றான் ரோஹித்.

"பைனாப்பிளா சாக்லேட்டான்னு கேக்கத் தெரிஞ்சுதுல்ல? அதே வாயால இதையும் சொல்லியிருக்கலாம்ல? திங்கக்கிழமை வரைக்கும் டைம் இருக்குன்னு சொன்னப்பவே உனக்கு இந்தக் கேக்கு தெரியும்ல?"

அவன் கேக்கைப் பார்த்தான். அவளைப் பார்க்கவில்லை. சங்கரி அம்மாவைப் பார்த்தாள். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எல்லாம் தெரிந்தே பட்டுக்கு இஸ்திரி போட்ட கை, அவளிடம் என்ன கேட்பது?

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நடுக்கடலில் கோபித்துக்கொண்டு எங்கே போவது? கேபினில் படுத்துக் கிடந்தவளுக்குச் சாயங்காலம் பசி பிடுங்கித் தின்றது. தப்பு பண்ணினவர்கள் பட்டினி கிடக்கட்டும், நான் எதற்குக் கிடக்க வேண்டும் என்று எழுந்து சாப்பாட்டு ஹாலுக்குப் போனாள். நாற்பத்தொன்றாம் மேசையில் யாரும் இல்லை. ஹாலில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

பூபாலன் தண்ணீர் ஊற்றினான். "மேடம், இன்னிக்கு லாஸ்ட் நைட். பெரிய டான்ஸ் கீது. ஒங்க டேபிள் பக்கம் வரட்டா, வாணாமா?" என்று கேட்டுவிட்டு ஜக்கைப் பிடித்துக்கொண்டு பதிலுக்காக நின்றான்.

"வாணாங்க" என்றாள்.

"சரி மேடம்" என்று போய்விட்டான். அவ்வளவுதான். கேட்பதற்கும் பதில் வாங்கிக்கொண்டு போவதற்கும் ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

அவள் முதல் வாய் வைக்கும்போது அப்பா வந்தார். ஒரே நாளில் தோள் தொங்கிப் போயிருந்தது. எதிரே உட்காராமல், ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார். ஜன்னலுக்கு வெளியே இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. கப்பல் சென்னைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. தூரத்தில் அவர்கள் ஊர்க் கரை கறுப்பாக ஒரு கோடு போலத் தெரிந்தது.

"உனக்கும் முப்பது ஆகப்போகுது. இதுக்கு முன்னாடி வந்த மூணு இடத்தையும் நீ மாட்டேன்னுட்ட" என்று ஆரம்பித்தார். "இதையும் மாட்டேன்னுடுவியோன்னு பயம்மா. நாலு பேர் முன்னாடின்னா மறுக்க மாட்டேன்னு நெனச்சேன். ஒரு ஏற்பாடு, அவ்வளவுதான். நான் உன் கெட்டதுக்கா பண்ணுவேன்?"

சங்கரி ஸ்பூனால் சோற்றைக் கிளறினாள்.

"போகட்டும். திங்கக்கிழமை நீ என்னதான் சொல்றதா இருந்த?"

அவள் ஸ்பூனைக் கீழே வைத்தாள்.

"சரின்னு சொல்றதா இருந்தேம்ப்பா."

அப்பா நிமிர்ந்தார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "அப்போ இன்னும் ஒண்ணும் கெட்டுப்போகலியே. பரணிகிட்ட நான் பேசிக்கறேன், பையன்கிட்ட நீ…"

"இருந்தேன்னு சொன்னேன். நேத்து அவன் முகத்தைப் பாத்தேன். உங்க முகத்தையும் பாத்தேன். கேட்டுக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு, என்னைக் கேக்காம முடிக்கற ஆளுங்க எனக்கு வீட்ல ஒருத்தர் போதும். இன்னொருத்தர் வேண்டாம்."

அவர் முகம் விழுந்துவிட்டது. சுற்றிலும் பாட்டு தொடங்கியது. எல்லா மேசைகளிலும் நாப்கின்கள் சுழன்றன. சர்வர்கள் நாற்பத்தொன்றாம் மேசையை மட்டும் விட்டுவிட்டு அந்தப் பக்கமாக ஆடிக்கொண்டு போனார்கள். கரையில் மாமல்லபுரம் கலங்கரை விளக்கம் மின்னி மின்னி அணைந்தது.

"குவார்ட்டர்ஸ்ல எல்லாரும் பாத்துட்டாங்களேம்மா. நாளைக்கு இறங்கினதும் என்ன சொல்றது?" என்றார் அப்பா.

"அதை நீங்கதான் சொல்லணும். நான் கேக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு. மாட்டேன்னா என்ன பண்றதுன்னு ஸ்டாண்ட்-பை வச்சீங்களே. நான் சரின்னு சொன்னா என்ன பண்றதுன்னு ஏதாவது ஸ்டாண்ட்-பை வச்சிருந்தீங்களாப்பா?"

அவர் முன்னால் கிடந்த நாப்கினை எடுத்து நாலாக மடித்தார். சங்கரி தட்டைக் கிட்டே இழுத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தாள்.