பன்னிரண்டாம் பாரம்

டாக்டராக இருக்கவே முடியாது. தேநீரில் சர்க்கரை வேண்டாம் என்று சொன்ன ஒரே குற்றத்துக்காக ஒரு மனுஷனைத் தூக்கில் போட முடியுமா? அப்படிப் பார்த்தால் இந்த வாசிப்பறையில் பாதிப் பேர் ஜெயிலுக்குப் போகவேண்டியதுதான்.

இப்படி யோசித்தபடியே பூச்சி, மேசைமேல் திறந்து கிடந்த துப்பறியும் நாவலின் பக்கத்தின்மேல் ஒரு வெள்ளை அட்டையை வைத்து வரிகளை மறைத்தாள். பக்க எண்ணும், அடியில் பொடியாக அச்சாகியிருந்த பார எண்ணும் மட்டும் வெளியே தெரிந்தன. அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். புத்தக வரலாறு படிக்கப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த அன்றே பேராசிரியை சொல்லிவிட்டார்: "இங்க நாம புத்தகத்தப் பாக்கத்தான் போறோம். படிக்கிற வேலைய எல்லாம் வீட்ல வச்சுக்கங்க."

மகன் வேலைக்குப் போய், தலையில் நரையும் எட்டிப் பார்த்த பிறகு சேர்ந்த படிப்பு. சின்ன வயதில் அக்கா வைத்த புத்தகப்பூச்சி என்ற பட்டம் தேய்ந்து பூச்சியாகி, கணவர்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார். எழுத்தைத் தின்றே வளர்ந்தவளுக்கு, எழுத்தை விட்டுவிட்டுத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதும், தையல் எங்கே போகிறது என்று முதுகுக்குள் எட்டிப் பார்ப்பதும் இவ்வளவு பிடித்துப்போகும் என்று அவளே நினைக்கவில்லை. தெரிந்த ஒருவரின் உள்ளங்கையை முதல்முறையாகப் புரட்டிப் பார்ப்பது போலிருந்தது.

வீட்டிலிருந்து ஆளுக்கொரு பழைய புத்தகம் கொண்டுவரச் சொன்னபோது, அவள் இந்த நாவலின் வீட்டுப் பிரதியைத்தான் எடுத்துப் போனாள். அக்காவும் அவளும் அட்டை கிழியும்வரை படித்த பிரதி. பேராசிரியை அதைக் கடைசிவரை புரட்டிவிட்டுச் சிரித்தார்.

"இதுல ஒரு பாரம் ரெண்டு தடவ வருது, பாத்தீங்களா?"

பெரிய தாள் ஒன்றில் பதினாறு பக்கம் அச்சடித்து மடித்தால் அது ஒரு பாரம். பாரங்களை வரிசையாக அடுக்கித் தைத்தால் புத்தகம். பூச்சியின் பிரதியில் பதினொன்றாம் பாரத்துக்குப் பின் பன்னிரண்டைக் காணோம், மறுபடியும் பதினொன்று. பைண்டரின் கை ஒரே அடுக்குக்கு இரண்டு முறை போயிருந்தது.

அந்தப் பிரதியில் கடைசியில் கதை இப்படித்தான் போகும். எல்லாரும் தேநீர் குடிக்கிறார்கள். டாக்டர் சர்க்கரை வேண்டாம் என்கிறார். டிரைவர் பூந்தொட்டிக்கடியில் ஒரு சாவியை ஒளித்து வைக்கிறான். போலீஸ் அதிகாரி, "கொலைகாரர் இந்த அறையில்தான் இருக்கிறார்" என்று விரலை நீட்டுகிறார். பக்கத்தைத் திருப்பினால் எல்லாரும் மறுபடி தேநீர் குடிக்கிறார்கள். டாக்டருக்கு மறுபடி சர்க்கரை வேண்டாம். டிரைவர் மறுபடி சாவியை ஒளிக்கிறான். அதிகாரி மறுபடி விரலை நீட்டுகிறார். புத்தகம் முடிந்தது.

எழுதியவர் வேண்டுமென்றேதான் அப்படி முடித்திருக்கிறார், கண்டுபிடிப்பது நம் பொறுப்பு என்று இரண்டு சிறுமிகளும் நம்பினார்கள். விஷம் சர்க்கரையில் இருந்தது, அது தெரிந்ததால்தான் டாக்டர் தொடவில்லை என்பது அக்காவின் கட்சி. பூச்சியின் கட்சி டிரைவர். தப்புச் செய்யாதவன் ஒரு சாவியை எதற்கு இரண்டு முறை ஒளிக்கிறான்?

வகுப்பில் அது உறைத்த நொடியில் அவள் கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டாள். பைண்டர் கை தவறியதற்கு ஒரு டிரைவரை இத்தனை வருஷம் உள்ளே வைத்திருந்திருக்கிறாள்.

இப்போது இந்த நூலகத்திலிருந்த முழுப் பிரதியையும் வீட்டுப் பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக் கட்டுரை எழுத வேண்டும். இன்றோடு வேலை முடிகிறது. தன் தையற்கடைக்குத் துணி எடுக்க வெளியூரிலிருந்து வந்த அக்கா, அளவு டேப்பைக் கழுத்தில் போட்ட மேனிக்கே வந்து நின்றாள்.

"என்னடி, படிக்கிற எடத்துல புத்தகத்த மறைச்சு வச்சுட்டு உக்காந்திருக்க?"

"மெதுவா பேசுக்கா. பாரம் பாக்கறேன்."

"பாரம்னா தூக்கில்ல பாக்கணும்?"

பூச்சி அவளை உட்காரவைத்து, இரண்டு பிரதிகளையும் காட்டி, சாவி விஷயத்தையும் ஒளிக்காமல் சொன்னாள். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

"அப்ப உன் டிரைவரு நிரபராதி."

"ஆதாரம்தான் போச்சு. சந்தேகம் அப்படியேதான் இருக்கு."

"உனக்கு வாய் மட்டும் குறையவே இல்லடி." அக்கா வீட்டுப் பிரதியின் முதுகைத் தடவினாள். "நானும் ஒருதடவ ஒரு சட்டைக்கு ரெண்டும் எடது கையா வச்சுத் தச்சுட்டேன். அடுத்த சட்டைக்குப் பாத்தா ரெண்டும் வலது கை." சட்டென்று நிமிர்ந்தாள். "ஏன்டி, அப்ப எங்கயோ ஒரு வீட்ல ரெண்டு பன்னெண்டு இருக்கும்ல?"

பூச்சி இதை யோசிக்கவே இல்லை. "இருக்கலாம்க்கா. அங்க கொலைகாரன் ரெண்டு தடவ மாட்டிருப்பான்."

"பாவம், அந்த வீட்ல யாருக்கும் டீயே கெடைச்சிருக்காது."

நூலகர் உதட்டில் விரலை வைத்தார். இருவரும் தலையைக் குனிந்துகொண்டு, பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்டவர்கள்போல் தோள் குலுங்கச் சிரித்தார்கள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அக்கா நாற்காலியை நெருக்கிப் போட்டாள். "சரி, முழுசாத்தான் இங்க இருக்கே. கண்ணாடிய துணிக்கடையிலயே விட்டுட்டு வந்துட்டேன். நீ படிச்சுச் சொல்லு. யாருன்னு மட்டும் சொன்னாப் போதும்."

அட்டை நூற்று எழுபத்தேழாம் பக்கத்தின்மேல் கிடந்தது. பன்னிரண்டாம் பாரத்தின் முதல் பக்கம். பூச்சியின் விரல் அதன் ஓரத்துக்குப் போனது. அந்த வாரம் முழுக்கவே போய்ப்போய்த் திரும்பிய விரல்தான் அது.

கல்யாணமாகி ஆளுக்கொரு ஊர் போன பிறகு, ஃபோனில் சாப்பாடும் மழையும் பிள்ளைகளும் சீக்கிரமே தீர்ந்துவிடும். பேச்சு அறுந்து, லைனில் வெறும் இரைச்சல் மட்டும் கேட்கும். அப்போது யாராவது ஒருத்தி "சர்க்கரை" என்பாள். பிறகு அடுப்பில் பால் பொங்குவதுகூடத் தெரியாது. அம்மா இறந்த வாரம், இருவருக்குமே வாய் எழாத நாட்களில், அக்கா கூப்பிட்டுச் சொன்னதும் ஒன்றுதான்: "டாக்டர்தான்டி." அழுதுகொண்டே பூச்சி மறுத்துப் பேசினாள். அன்றைக்கு இருவரும் சாப்பிட்டார்கள்.

அட்டையை விலக்கினால் ஒரு பெயர் இருக்கும். இவள் ஜெயிப்பாள், அல்லது அக்கா ஜெயிப்பாள். அதற்கப்புறம் அந்த இரைச்சல் கேட்கும்போது எதைச் சொல்வது?

"என்னடி யோசன? படி."

பூச்சி அட்டையை எடுக்காமலேயே புத்தகத்தை மூடினாள்.

"மாட்டேன்க்கா," என்றாள் மெதுவாக. "ஆனா டாக்டர் இல்ல."