பட்டனுக்கு யாரும் நோட்டீஸ் அனுப்பவில்லை

ஆர்டிஸ் எங்கள் மேசையில் நாயாக இருந்தாள். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன். பால் லாரி ஓட்டி ஓய்வுபெற்ற எல்மர், தொப்பையும் தொங்கு மீசையுமாக, அதே மேசையில் பதினெட்டு வயது சூனியக்காரியாக உட்கார்ந்திருப்பார். நான் கோடாலி பிடித்த குள்ளச்சி. எல்லோரும் கடவுளுக்குப் பயந்த லூத்தரன் சபை ஆட்கள்தான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வீட்டுக்குப் போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு எங்கள் வீட்டு நிலவறைக்கு வந்துவிடுவார்கள். ஒரு பக்கம் என் சலவை இயந்திரம் ஓடும், மறுபக்கம் ஆட்டம் ஓடும். விஸ்கான்சினில் பாதி வருஷம் பனி. ஏரியில் பனிக்கட்டியைத் துளைத்து மீனுக்குத் தவம் கிடக்க வேண்டும், இல்லையென்றால் இப்படி எதையாவது செய்ய வேண்டும்.

கதை சொல்கிறவர் என் வீட்டுக்காரர் வெர்ன். "இருட்டுக் காடு. முன்னால ஒரு குகை. என்ன பண்றீங்க?" என்பார். அவரவர் தன் ஆள் என்ன செய்கிறான் என்று சொல்ல வேண்டும். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் பகடை. அவ்வளவுதான் ஆட்டம். மற்றதெல்லாம் வெர்ன் அலமாரியில் இருக்கும் தடித்தடி விதிப்புத்தகங்கள்.

ஆர்டிஸின் புருஷன் டுவேன், கார்வென் என்ற வேட்டைக்காரனாக ஆடினான். வேட்டைக்காரனுக்குத் துணையாக ஒரு பிராணி உண்டு, அது விதி. வழக்கமாக வேட்டைக்காரனாக ஆடுகிறவனே அதையும் பார்த்துக்கொள்வான். டுவேன் முதல் தடவை பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு வந்தபோது அவள் விதிப்புத்தகத்தைக் கையில் தூக்கிப் பார்த்தாள். "இதைப் படிக்கறதுக்கு நான் இவனோட நாயாவே இருந்துட்டுப் போறேன்" என்றாள். நாங்கள் சிரித்தோம். வெர்னுக்கு ஆட்ட விஷயத்தில் விளையாட்டே பிடிக்காது. நாயை அவளுக்கே கொடுத்துவிட்டார். மற்ற ஆட்களுக்கு இருப்பது போல் வரைபடத்தில் வைக்கப் பொம்மை இல்லாததால் ஆர்டிஸ் கோட்டுப் பையைத் துழாவி, அறுந்து கிடந்த ஒரு பழுப்புப் பொத்தானை எடுத்து வைத்தாள். நாய்க்கு பட்டன் என்றே பெயர் நின்றுவிட்டது.

அந்த நாய்க்கு மூன்று கட்டளை தெரியும். வா, பிடி, இரு. கார்வென் கட்டளை கொடுத்தால் பட்டன் கேட்டே ஆக வேண்டும், ஆர்டிஸ் வாய் திறக்க முடியாது. கட்டளை கொடுக்காவிட்டால் நாய் என்ன செய்யும் என்பது ஆர்டிஸ் இஷ்டம். ஒவ்வொரு ஞாயிறும் வெர்ன் "பொழுது விடியுது" என்று தொடங்குவார். டுவேன் உதட்டைக் குவித்து நிஜமாகவே ஒரு சீட்டி அடிப்பான். ஆர்டிஸ் "வள்" என்பாள். அதற்குப் பிறகுதான் எங்களுக்கு ஆட்டம் தொடங்கிய மாதிரி இருக்கும்.

இன்னொரு விதி உண்டு. அது புத்தகத்தில் இல்லை, வெர்ன் போட்டது. ஆள் செத்தால் அந்த ஆளாக ஆடுகிறவர் மேசையை விட்டு எழுந்து போக வேண்டும். நடக்கிற கதை முடிகிறவரை திரும்பி வரக் கூடாது, மேசையில் நடந்ததை அவரிடம் யாரும் சொல்லவும் கூடாது. எல்லாம் எல்மரால் வந்த வினை. ஒரு தடவை அவருடைய சூனியக்காரி செத்தாள். காப்பி ஆறுவதற்குள் அவளுடைய இரட்டைச் சகோதரி என்று சொல்லிக்கொண்டு மறுபடி வந்து நின்றார். "சாவுக்கு ஒரு மரியாதை வேண்டாமா?" என்று வெர்ன் கத்தினார். எங்கள் கதை ஒவ்வொன்றும் முடிய வருஷக்கணக்காகும். அதனால் அந்த விதிக்கு எல்லோருக்கும் பயம்.

போன இலையுதிர் காலத்தில் டுவேன் வீட்டை விட்டுப் போனான். சண்டையில்லை, வேறு பெண்ணும் இல்லை. அவனுக்குத் தனியாக இருக்க வேண்டுமாம். கல்யாண வயதில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, தூண்டில் கடைக்கு மேலே ஒற்றை அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டான். விவாகரத்தும் ஆயிற்று. சின்ன ஊரில் இதெல்லாம் தானாகப் பங்கு பிரிந்துவிடும். வீடு அவளுக்கு, படகு அவனுக்கு. சபையில் அவன் ஆராதனை நேரத்தை மாற்றிக்கொண்டான். வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்கு அவன் ஒரு மதுக்கடை, அவள் ஒரு மதுக்கடை. அவர்கள் கூட்டாளிகளில் பாதிப் பேர் மரியாதையாக இவள் பக்கமிருந்து நழுவினார்கள். ஆர்டிஸுக்கு என்று மிஞ்சியது எங்கள் மேசை ஒன்றுதான். அதை மட்டும் பிரிக்க முடியவில்லை. இரண்டு பேரும் வந்தார்கள்.

வெர்ன் அவளிடம் வேறு ஆள் தருவதாகச் சொன்னார். இளவரசி இருக்கிறாள், வில்வீராங்கனை இருக்கிறாள் என்று ஆசை காட்டினார்.

"எதுக்கு?" என்றாள் ஆர்டிஸ். "கோர்ட்டுல தீர்ப்பானது எனக்கும் டுவேனுக்கும். பட்டனுக்கு யாரும் நோட்டீஸ் அனுப்பலையே."

அதனால் நாங்கள் ஒரு கூத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. மேசைக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவன். ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். உப்பு வேண்டுமென்றால்கூட என்னிடம்தான் கேட்பான். ஆனால் கதையில் கார்வென் படுத்தால் பட்டன் அவன் காலடியில் போய்ச் சுருண்டுகொள்ளும். அவன் காயம்பட்டால் நக்கிக் கொடுக்கும். ஆர்டிஸ் இதையெல்லாம் ரயில் நேரம் அறிவிக்கிறவள் குரலில் சொல்வாள். டுவேன் வரைபடத்தை விட்டுக் கண்ணைத் தூக்க மாட்டான்.

ஒருநாள் அவன் எங்கள் வாசலில் பனி தள்ள உதவிக்கு வந்தான். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, "மார்லிஸ், நீ சொன்னா அவ கேப்பா. வேற குழு எதையாவது பாத்துக்கச் சொல்லேன். எனக்கு மூச்சு முட்டுது" என்றான்.

"வேற குழுவா? இந்த ஊர்ல நாயா ஆடறதுக்கு இன்னொரு மேசை எங்கடா இருக்கு?"

"அப்போ ஒண்ணு அவ, இல்ல நான்."

"நீதானே தனியா இருக்கணும்னு போனே? போய் இரு."

அவன் பனியை வாரினான். நான் அவளிடம் எதுவும் சொல்லவில்லை. சொல்ல எனக்கு மனசில்லை.

பிப்ரவரியில் அந்தப் பாலம் வந்தது. அடி தெரியாத பள்ளம், மேலே கயிற்றுப் பாலம். பாலத்தைக் காவல் காக்கிற பூதம் என் குள்ளச்சியை ஒரே அடியில் மயக்கம் போட வைத்துவிட்டது. எல்மரின் மந்திரமெல்லாம் தீர்ந்து, அவர் பாட்டுக்கு சிப்ஸ் தின்றுகொண்டிருந்தார். கார்வென் பாலத்தின் நடுவில் ஒரு கையால் கயிற்றைப் பிடித்துத் தொங்கினான். பூதம் தண்டாயுதத்தை ஓங்கிக்கொண்டு அவன் தலைக்கு மேல் நின்றது. இன்னொரு அடி விழுந்தால் தீர்ந்தான். பட்டன் அக்கரையில் பத்திரமாக நின்றது. அடுத்த முறை நாயுடையது.

நிலைமை எல்லோருக்கும் புரிந்தது. நாய் சும்மா நின்றால் கார்வென் சாவான், டுவேன் எழுந்து போவான், மேசை ஆர்டிஸுக்கு. நாய் பாய்ந்தால் பூதத்தோடு பள்ளத்தில்தான் விழும், வேறு வழியில்லை. நான் மேசைக்கடியில் ஆர்டிஸின் காலை ஓர் உதை உதைத்தேன். சும்மா இருடி என்று அர்த்தம்.

வெர்ன் முறைப்படி முதலில் டுவேனைக் கேட்டார். "கார்வென் நாய்க்கு ஏதாவது கட்டளை கொடுக்கறானா?"

இரு. ஒரே சொல். சொன்னால் பட்டன் நின்றுவிடும். எல்மர் சிப்ஸ் தின்பதை நிறுத்திவிட்டார். டுவேன் தன் பகடையை விரலால் புரட்டிக்கொண்டே இருந்தான்.

"இல்ல" என்றான். "ஒண்ணும் சொல்லல."

"ஆர்டிஸ், நாய் என்ன பண்ணுது?"

"அது என்ன பண்ணும்னு உங்களுக்குத் தெரியாதா?" என்று சொல்லி அவள் பகடையை உருட்டினாள். நல்ல எண்தான் விழுந்தது. பட்டன் ஓடிவந்து பூதத்தின் தொண்டையைக் கவ்வியது. இரண்டும் சேர்ந்து கயிற்றைத் தாண்டிக் கீழே போயின. வெர்ன் பொத்தானை வரைபடத்திலிருந்து எடுத்து ஓரமாக வைத்தார்.

"அவன் மேல ஏறிட்டானா?" என்று கேட்டாள்.

"ஏறிட்டான்."

ஆர்டிஸ் பகடைகளைத் தன் ஊதாத் துணிப்பையில் போட்டுச் சுருக்கை இழுத்தாள். அன்றைக்கு உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் போட்டு வேகவைத்து எடுத்து வந்திருந்தாள். "பாத்திரத்த அடுத்த வாரம்" என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். மிச்சத்தை என் கிண்ணத்தில் வழித்துப் போட்டுவிட்டு, பாத்திரத்தைத் துடைத்து எடுத்துக்கொண்டு படியேறினாள். எனக்கு டுவேனின் கழுத்தைப் பிடிக்க வேண்டும் போல் இருந்தது.

அடுத்த ஞாயிறு அவன் வந்தான். வராமல் என்ன, ஜெயித்தவன்தானே. வெர்ன் வழக்கம்போல் "பொழுது விடியுது" என்றார். டுவேன் உதட்டைக் குவித்துச் சீட்டி அடித்தான். பழக்கதோஷம், அடித்த பிறகுதான் அவனுக்கே உறைத்தது. சலவை இயந்திரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"யாரும் வரல" என்றார் வெர்ன். அவர் கொடுமைக்காகச் சொல்லவில்லை. சீட்டி அடித்தால் என்ன நடந்தது என்று சொல்ல வேண்டியது அவர் வேலை.

கதையில் நாங்கள் பாலத்தை விட்டுக் கிளம்பத் தயாரானோம். வெர்ன் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார். கார்வென் என்ன செய்கிறான்?

"பள்ளத்து ஓரமா உக்காந்திருக்கான்."

"சரி. அதுக்கப்புறம்?"

"உக்காந்திருக்கான்."

என் குள்ளச்சியும் எல்மரின் சூனியக்காரியும் அன்றைக்கு ஒரு பள்ளத்தாக்கைக் கடந்து, ஓநாய்க் கூட்டத்தோடு சண்டை போட்டு, ஒரு பாழ்கோட்டையைக் கண்டுபிடித்தார்கள். ஒவ்வொரு முறையும் டுவேனிடம் கேட்டபோது அதே பதில். "என்னப்பா, பள்ளம் எங்கயாவது எழுந்து போயிடுமா, வாயேன்" என்று எல்மர் சொல்லிப் பார்த்தார். கடைசியில் வெர்ன் அங்கே பனி பெய்யத் தொடங்கிவிட்டது என்றார். டுவேன் தலையாட்டினான்.

நான் விதியை மீறினேன். அந்த வாரமே ஆர்டிஸ் வீட்டுக்குப் போய், அவள் அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே பாத்திரம் கழுவினாள்.

"பனியா பெய்யுது?"

"பனிதான்."

"பாலத்துல அவன் மேலங்கி கிழிஞ்சுதே. தைச்சானா?"

"உக்காந்திருக்கான்னு சொல்றேன், தைச்சானான்னு கேக்கறே."

"அப்போ நெருப்பாவது மூட்டச் சொல்லு, மார்லிஸ். விறைச்சுச் செத்துருவான், மடையன்."

எனக்கு வந்ததே கோபம். "உனக்குப் புத்தி இருக்காடி? இருன்னு ஒரு வார்த்தை. ஒரே வார்த்தை. அது அவன் வாயில வந்துதா? அவனுக்கா நெருப்பு?"

ஆர்டிஸ் தண்ணீரை நிறுத்தினாள். "அவன் ஏன் சொல்லலைன்னு எனக்குத் தெரியும்" என்றாள். "பட்டனுக்கு அது தெரியாதில்ல."

அதற்கு மேல் அங்கே நின்றால் அழுதுவிடுவேன் என்று வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஞாயிறு, எல்லோரும் உட்கார்ந்ததும், வெர்ன் வாய் திறப்பதற்கு முன் நான் டுவேனிடம் சொன்னேன். நெருப்பு மூட்டச் சொன்னாள் என்பதையும் சொன்னேன், பட்டனுக்குத் தெரியாது என்பதையும் சொன்னேன். ஒரு எழுத்தை மாற்றவில்லை. வெர்ன் என்னை முறைத்தார். முறைக்கட்டும்.

டுவேன் முகம் சிவந்து, மூக்கு சிவந்து, கைக்குட்டையைத் தேடி எடுத்தான். பிறகு, "வெர்ன், நெருப்பில்லாம ஒருத்தன் அந்தப் பனியில எவ்வளவு நேரம் தாங்குவான்?" என்று கேட்டான்.

"விடியறவரைக்கும் தாங்க மாட்டான். ஆனா நீ நெருப்பு மூட்டலாம். பக்கத்துல விறகு இருக்கு."

"மூட்டல."

வெர்ன் இன்னொரு தடவை கேட்டார். டுவேன் மாற்றிச் சொல்லவில்லை. கார்வென் பள்ளத்து ஓரத்தில் உட்கார்ந்தபடியே செத்துப்போனான். பகடைக்கே வேலை வரவில்லை.

டுவேன் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டான். படியில் கால் வைத்தவன் திரும்பி, "கதைய ரொம்ப இழுக்காம முடிச்சிரு, வெர்ன்" என்றான். வெளியே அவன் வண்டி கிளம்ப நேரமாயிற்று. பிறகு மேசையைத் துடைக்கும்போது பார்த்தேன், ஓரமாக வைத்திருந்த பொத்தானைக் காணவில்லை.

வரைபடத்தில் பாதிக்கு மேல் இன்னும் விரிக்கவேயில்லை. பாழ்கோட்டைக்குள் என்ன இருக்கிறது என்று எல்மருக்குத் தெரிந்தே ஆக வேண்டும். ஆனால் வெர்ன், தான் போட்ட விதியை ஒரு நாளும் தளர்த்தாத வெர்ன், வரைபடத்தைச் சுருட்டி ரப்பர் வளையம் போட்டார். "கதை முடிஞ்சுது" என்றார்.

ஈஸ்டருக்குப் பிறகு புதுக் கதை. ஆர்டிஸ் அதே பாத்திரத்தில் அதே உருளைக்கிழங்கோடு வந்தாள். டுவேனையும் கூப்பிட்டிருந்தோம். அவன் வரவில்லை. எல்லோரும் தங்கள் ஆளைச் சொன்னார்கள். எல்மர் இந்தத் தடவை இளவரசி. வெர்ன் தாளும் பென்சிலுமாக ஆர்டிஸ் பக்கம் திரும்பினார்.

"பூனை" என்றாள்.

"யாரோட பூனை?"

"யாரோடதும் இல்ல."

வெர்ன் எழுதிக்கொண்டார். "அதுக்கு என்னென்ன கட்டளை தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது" என்றாள் ஆர்டிஸ். ஊதாப் பையின் சுருக்கை அவிழ்த்துப் பகடைகளை மேசையில் கொட்டினாள்.