காது மெக்கானிக்

பழைய காகிதத்தை அரைக்கும் அந்த ஆலையில், காகிதத்தைச் சுமந்து செல்லும் பெல்ட் காலையிலிருந்து அடம்பிடித்தது. கொஞ்ச தூரம் ஓடும், திணறும், பிறகு தலைதெறிக்க ஓடும். அதை ஓட்டுவது ஒரு ஹைட்ராலிக் மோட்டார். பம்பு தள்ளும் எண்ணெய் சீராக வந்தால் மோட்டாரும் சீராகச் சுற்றும். வராவிட்டால் இந்தக் கூத்துதான்.

காது மெக்கானிக்கை வரவழைத்தார்கள். அந்தப் பட்டப்பெயரில் அவருக்குப் பெருமை. மற்றவர்கள் மீட்டர்களைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். இவரோ நீள ஸ்க்ரூடிரைவரின் முனையைப் பம்பில் வைத்து, கைப்பிடியைக் காதில் ஒட்டிக் கண்ணை மூடிக்கொள்வார். பிறகு வியாதியைச் சொல்வார். அன்றும் அப்படித்தான் கேட்டார். பம்பு சமர்த்தாக இருந்தது.

"பம்பு தங்கம். மோட்டார்லதான் கோளாறு, பிரிக்கணும்."

பெல்ட்டை இயக்கும் பெண் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பெரிய மனுஷர் தீர்ப்பே சொல்லிவிட்டார், நமக்கென்ன என்று விட்டுவிட்டாள்.

மோட்டாரை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றினார். உள்ளே ஒரு கீறல் கூட இல்லை. மறுபடி பூட்டி ஓட்டினால் அதே திணறல்.

அவள் அருகே வந்து, முகத்துக்கு நேரே குரலை உயர்த்திக் கேட்டாள்: "அண்ணே, அப்ப பம்பு ஏன் இப்படிக் கத்துது?"

"கத்துதா?"

"காலைலேர்ந்து. டப்பாவுல கல்லப் போட்டுக் குலுக்கற மாதிரி."

"ஏம்மா, அத அப்பவே சொல்றதுக்கென்ன?"

"நீங்கதான் காத வச்சுக் கேட்டீங்களே! உங்களுக்குக் கேக்காததா எனக்குக் கேட்டுடப் போகுது?"

அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. மறுபடி ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்தார். லேசான உறுமல், அவ்வளவுதான். மறு காதுக்கு மாற்றினார். அங்கே உறுமலும் இல்லை.

கல் குலுக்கும் சத்தம் என்றால் எண்ணெயோடு காற்றும் பம்புக்குள் போகிறது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதைச் சொல்வார். காற்று எங்கே புகுகிறது என்று பார்க்க, தொட்டியிலிருந்து பம்புக்கு வரும் குழாயின் இணைப்புகளில் ஒவ்வொன்றாகக் கிரீஸை அள்ளி அப்பினார். ஓர் இணைப்பை மூடியதும் அவள் கையைத் தூக்கினாள். "நின்னுடுச்சுண்ணே!" பெல்ட் சீராக ஓடியது. அவருக்கு எதுவும் நின்றதாகத் தெரியவில்லை.

எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, அந்த இணைப்பில் விரிந்துபோன ரப்பர் வளையத்தை மாற்ற உட்கார்ந்தார். எப்போதிலிருந்து இப்படி? மனைவி இருந்தவரை சமையலறையிலிருந்து கூப்பிடுவாள். பதில் வராவிட்டால் வந்து உலுக்குவாள், திட்டுவாள். அவள் போன பிறகு கூப்பிட யாருமில்லை. ஆலைகளிலோ எல்லோரும் முகத்தைப் பார்த்துக் கத்தித்தான் பேசுகிறார்கள். வீடு அமைதியாக இருக்கிறது என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தார். அவருக்குப் பயமாக இருந்தது. இரண்டு முறை வளையத்தைக் கோணலாகப் பொருத்தி எடுத்தார்.

வேலை முடிந்தது. அவளைத் தவிர மற்ற ஆட்கள் கிளம்பிவிட்டார்கள்.

"ஒரு ஒத்தாசை பண்ணும்மா. நான் சுவரப் பாத்து நிக்கறேன். நீ கதவுகிட்டப் போய் என்னக் கூப்பிடு."

"எதுக்குண்ணே?"

"கூப்பிடேன்."

திரும்பி நின்றார். நின்றுகொண்டே இருந்தார். இந்தப் பெண் நடக்க இவ்வளவு நேரமா என்று சலித்துக்கொண்டார்.

தோளில் ஒரு கை பட்டது. அவள் பக்கத்தில் மூச்சுவாங்க நின்றுகொண்டிருந்தாள்.

"கூப்பிட்டேண்ணே," என்றாள். "கத்தியும் பாத்துட்டேன்."