நூல் ஆடுகிறதா?

மில் மூடிய பிறகு ஆதிமூலத்துக்கு மிஞ்சியது இருமல் ஒன்றுதான். இருபது வருஷம் பஞ்சுத் தூசியைத் தின்ற நெஞ்சு அது. வயிற்றுப்பாட்டுக்கு அவர் மனைவி கமலவேணிக்குக் கிடைத்த வேலையைப் பாருங்கள்: இலவம்பஞ்சுத் தலையணை தைப்பது. விதிக்கு அவ்வளவு குசும்பு. சாரம் என்ற பகுதியில் அவர்கள் இருந்ததோ ஒற்றை அறை. கதவைத் திறந்தால் பஞ்சு பறந்துவிடும். மூடினால் அவருக்கு மூச்சு முட்டும்.

கமலவேணியின் அண்ணன் கன்னியப்பன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்த 'சொல்தா'. எண்பத்து நாலில் பாரீசிலிருந்து வந்தவர், தங்கச்சி புருஷனுக்காக ஒரு காத்து மிஷின் கொண்டுவந்தார். தூசியைப் பிடித்து வைத்துக்கொண்டு சுத்தக் காற்றை விடும் பெட்டி. தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது.

ஒரே வாரத்தில் காற்று நின்றுபோனது. ரேடியோ ரிப்பேர் செய்யும் பக்கிரி வந்து மூடியைக் கழற்றினான். உள்ளே இருந்த கறுப்பு ஸ்பாஞ்சு பஞ்சு அப்பி வெள்ளையாகியிருந்தது.

"மிஷின் நல்லாத்தான் இருக்கு யக்கா. இத சோப்பு போட்டு அலசி, நல்லா காய வச்சு மாட்டு. ஈரத்தோட மாட்டுனா மோட்டார் போயிடும்."

போகும்போது காற்று வரும் இடத்தில் ஒரு நூலைக் கட்டினான். "இது ஆடுச்சுன்னா காத்து வருது. தொங்கிச்சுன்னா அலசணும்."

அன்றிலிருந்து கமலவேணி நூலைப் பார்த்துத்தான் ஊசியை எடுத்தாள். நூல் தொங்கினால் பஞ்சு மூட்டையைக் கட்டிவிடுவாள். வெயிலில் ஸ்பாஞ்சு அரை நாளில் காய்ந்தது. ஐப்பசி மழையில் மூன்று நாளாகியும் காயவில்லை. வேலை நின்றது, அடுப்பு ஒரு வேளைதான் எரிந்தது. இன்னொரு தடவை தாமதமானால் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாக மெத்தைக் கடைக்காரர் சொல்லியனுப்பினார்.

"குடுத்துட்டுப் போவட்டும். உன் மூச்ச விடவா அது பெருசு?" என்றாள்.

ஸ்பாஞ்சு காய்ந்த அன்று ஆதிமூலம், "இனிமே இத நான் பாத்துக்குறேன். சும்மாதான குந்தியிருக்கேன். நீ தையி" என்றார்.

அதற்குப் பிறகு நூல் தொங்கவே இல்லை. கார்த்திகை முழுக்கத் துள்ளித் துள்ளி ஆடியது.

"இந்த மழையில எப்படிய்யா காய வெக்கிற?"

"நீ கடைக்குப் போறப்ப அடுப்புச் சூட்டுல காட்டிடுவேன்."

மனுஷன் கெட்டிக்காரர்தான் என்று அவளுக்குப் பெருமை. இருமல் மட்டும் ஏறிக்கொண்டே போனது. பனி என்றார். அவளும் நம்பினாள். மார்கழி பிறந்ததும் போய்ச் சேர்ந்தார்.

கருமாதி முடிந்து, யாருக்காவது கொடுக்கலாமென்று அவருடைய துணிகளை எடுத்தாள். பழைய மில் சட்டைக்குள் கறுப்பாக ஏதோ சுருட்டியிருந்தது. ஸ்பாஞ்சு. ஒரு இழை பஞ்சுகூட அதில் ஒட்டியிருக்கவில்லை.

ஓடிப்போய் மிஷின் மூடியைக் கழற்றினாள். உள்ளே வெறும் விசிறிதான் இருந்தது. ஸ்பாஞ்சைப் பொருத்தி, சுவிட்சைப் போட்டாள். நூல் மெதுவாக, சோம்பலாக ஆடியது. ஸ்பாஞ்சு இருந்தபோதெல்லாம் அது அப்படித்தான் ஆடியது. ஸ்பாஞ்சு இல்லாமல் வந்த துள்ளலைப் பார்த்துத்தான் ஒரு மாசம் அவள் சந்தோஷப்பட்டிருக்கிறாள்.

"பாவி மனுஷா, வெறும் காத்தக் காட்டியா என்னத் தைக்க வெச்ச?" சட்டையை முகத்தில் அழுத்திக்கொண்டு கத்தினாள்.

வாசலில் கடைக்காரர் அனுப்பிய புது மூட்டை வந்து இறங்கியது. அதைப் பிரித்தால்தான் மறுநாள் உலை வைக்க முடியும்.